வலிக்காத புண்



இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். இதைப் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சமே நோய்க்கு வசதியாகப் போய்விடுகிறது.

அந்த நோயின் பெயர் சிபிலிஸ். மேக நோய், கிரந்தி என்று ஊரில் சொல்வார்கள். பறங்கிப் புண் என்று பழைய பெயரும் உண்டு.

இது சாபமல்ல. உடல் சூட்டால் வருவதும் அல்ல. ஒரு கிருமியால் வருகிறது. 1905ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். சுருள் கம்பி போல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

நோய் உள்ளவரோடு உடலுறவு கொண்டால் இது தொற்றும். ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது. துணியாலும் கக்கூஸாலும் தொற்றாது.

கிருமி புகுந்து சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும். வாயிலும் வரலாம். அது வலிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. சில வாரங்களில் புண் தானே ஆறிவிடும்.

புண் ஆறினால் நோய் போய்விட்டதா? இல்லை. கிருமி இரத்தத்தில் இருக்கிறது. பிறகு உடம்பில் தடிப்பு வரலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும். அதுவும் மறையும். பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. கடைசியில் சிலருக்கு இதயம் கெடும். மூளை கெடும். கண் பார்வையும் போகலாம்.

இந்த நோய் வந்தால் உடனே பெண்ணைக் குறை சொல்கிறார்கள். இது பழைய வழக்கம். நம் பெங்களூரிலேயே நடந்திருக்கிறது.

தண்டு என்று நாம் சொல்லும் கண்டோன்மென்ட் 1809இல் உருவானது. வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே தங்கியது. பட்டாளத்தோடு தமிழர்கள் பலரும் வந்தார்கள். சிப்பாய்களுக்கு இந்த நோய் அதிகம் இருந்தது. அரசு என்ன செய்தது? 1864இலும் 1868இலும் சட்டம் போட்டது. தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்தார்கள். கட்டாயமாகச் சோதித்தார்கள். நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தார்கள். அதற்கு லாக் ஆஸ்பத்திரி என்று பெயர். பெங்களூரிலும் ஒன்று இருந்தது. அந்தச் சட்டம் ஆண்கள் மேல் பாயவில்லை.

நோய் ஒழிந்ததா? ஒழியவில்லை. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தை 1888இல் நீக்கிவிட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் வெள்ளம் நிற்குமா?

வீட்டிலும் இதே கதைதான். கணவர் மட்டும் ஊசி போட்டுக்கொள்வார். மனைவியிடம் சொல்ல மாட்டார். மனைவியின் உடம்பில் கிருமி இருக்கும். அவரிடமிருந்து கணவருக்கு மறுபடியும் தொற்றும். ஒரு முறை வந்தவருக்கு இது திரும்பவும் வரும்.

குழந்தையும் இதில் அகப்படும். கர்ப்பிணிக்கு நோய் இருந்தால் வயிற்றில் உள்ள சிசுவுக்குப் போகும். கர்ப்பம் கலையலாம். குழந்தை இறந்து பிறக்கலாம். நோயோடும் பிறக்கலாம். காலத்தில் வைத்தியம் செய்தால் குழந்தையைக் காப்பாற்றலாம். அதனால் கர்ப்பம் என்று தெரிந்ததும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம்.

இனி நல்ல செய்தி. இதற்கு மருந்து உண்டு. அந்தக் காலத்தில் பாதரசம் கொடுத்தார்கள். அதுவே விஷம். 1943இல் பெனிசிலின் ஊசியால் இந்த நோய் குணமாவதைக் கண்டார்கள். இன்றும் அதுதான் முதல் மருந்து. புதிய நோய்க்கு ஒரு முறை போட்டால் போதும். நாள்பட்ட நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று வாரம் போடுவார்கள். ஆனால் கெட்டுப்போன இதயத்தையும் மூளையையும் ஊசி முழுதாகச் சரிசெய்யாது. அதனால் சீக்கிரம் போக வேண்டும்.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை உடலுறவு வேண்டாம். சொன்ன நாளில் மறுபடியும் இரத்தம் சோதியுங்கள். ஆணுறை அணிந்தால் தொற்றும் ஆபத்து குறையும்.

சிவாஜி நகரில் பௌரிங் ஆஸ்பத்திரி இருக்கிறது. மார்க்கெட் பக்கம் விக்டோரியா ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டும் அரசு ஆஸ்பத்திரிகள். அங்கே போகலாம். தனியாகப் போகாதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். யாரால் வந்தது என்று வீட்டில் சண்டை வேண்டாம். இருவரும் ஊசி போட்டுக்கொள்வதே முக்கியம்.

வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்.