தேர் செய்த கையின் பெயர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கோயிற் திருவிழாவைப் பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பயணிகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. தேர்முட்டியடியில் நின்று, தேர்ப்பீடத்தில் உள்ள யாளிகளையும் பூதகணங்களையும் கந்தபுராணக் காட்சிகளையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். கேட்டு முடிந்ததும் ஒரு முதிய பெண்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைச் செய்தவர் யார்?"

உபயகாரரின் பெயர் எனக்குத் தெரியும். அது கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. வெள்ளோட்டம் நடந்த ஆண்டும் தெரியும். செய்தவரின் பெயர்தான் தெரியவில்லை. "இந்தப் பகுதிச் சிற்பாசாரியார்கள்" என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அவர்கள் போனபின், அருகில் நின்ற என் மாணவன் மெல்லச் சொன்னான்: "எங்கட அப்பப்பா செய்தது, சேர்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டு நிண்டீங்கள், சேர். குறுக்கிடக் கூடாது எண்டு நிண்டனான்."

மூன்று ஆண்டுகள் என்னிடம் தமிழ் படித்தவன் அவன். சிற்பம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி, பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டவன் நான். அவன் வீட்டு முற்றத்தில் ஒரு பட்டறை இருப்பதை அன்றுவரை நான் அறியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். கிடுகுக் கொட்டகை, நிலமெங்கும் சீவிய மரச் சுருள்கள். பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல், பார்வை மங்கிவிட்டது. மகன் உளி பிடிக்க, அவர் விரலாலே தடவித் தடவிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் சூரன்போருக்கான மரத்தலைகள் இருந்தன. தாரகனின் யானைத்தலை, சிங்கமுகனின் தலை, சூரனின் தலை. ஒன்றைக் கழற்றி மற்றதைச் சனங்களுக்கு முன்னால் நொடியிலே பூட்ட வேண்டும். இறுகினால் கழராது, தளர்ந்தால் ஆட்டத்திலே விழுந்துவிடும். நான் கரும்பலகையில் ஒரு தவணை முழுவதும் படிப்பிக்கும் கதையை அவர் ஒரு மூட்டுக்குள்ளே அடக்கி வைத்திருந்தார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்துச் சனம் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அவர் தோளில் சுமந்து சென்றது உளிப்பெட்டி ஒன்றைத்தானாம்.

"தேரில உங்கட பெயரை எங்கையாவது வெட்டியிருக்கிறீங்களா, ஐயா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "சாமி ஏறுற தேரில என்ர பேர் என்னத்துக்கு, மாஸ்ரர்?" சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா, வந்த சனம் கேட்டவை எண்டு பொடியன் சொன்னவன். அண்டைக்கு நித்திரை வரேல்ல."

நேயர்களே, பெயரைச் சொல்லாமல் விடுவது கலைஞரின் பணிவாக இருக்கலாம். பெயரைக் கேளாமல் விடுவது எங்கள் பணிவு ஆகாது. செய்த விக்கிரகத்தைக் கும்பிட்டு, செய்தவனை வாசலிலே நிறுத்திய பழக்கமும் அதற்குள் மறைந்திருக்கிறது.

மணிமேகலையிலே, மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய தேசங்களின் தொழில்வல்லாரும் தமிழ்க் கைவினைஞரும் கூடிச் சோழனுக்கு மண்டபம் அமைத்த செய்தி வருகிறது. தேசங்களின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. ஆனால் 1010ஆம் ஆண்டு நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலில், குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சனின் பெயர் கல்வெட்டிலே நின்று நிலைக்கிறது. ஆகவே, செய்தவனைப் பெயர் சொல்லிப் போற்றுவது எங்களுக்குப் புதிய வழக்கமன்று. நாங்கள் மறந்துபோன வழக்கம்.

ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் வடபகுதியிலே தெங்கெனெங்கே என்றொரு சிற்றூர் உண்டு. ரொம் புளூம்பீல்ட் என்பவரின் புகையிலைத் தோட்டமாக இருந்த இடம் அது. பொருளாதாரத் தடைகளாற் புகையிலை வாணிபம் தளர்ந்த 1966ஆம் ஆண்டிலே, அந்த நிலத்தில் கிடைத்த பாம்புக்கல் எனப்படும் கரும்பச்சைக் கல்லை அங்கிருந்த தொழிலாளரே செதுக்கத் தொடங்கினார்கள். மலாவி, மொசாம்பிக், அங்கோலா முதலிய அயல்நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பளபளப்பு ஏற்றுவதற்குக் கல்லை நெருப்பிலே சூடாக்கி மெழுகு பூசுவார்கள். சிற்பங்கள் வெட்டவெளியிலே நிரைநிரையாக நிற்கும். பயணிகள் அவற்றினூடே நடந்து சென்று, மரநிழலிலே செதுக்கிக்கொண்டிருப்பவரோடு பேசலாம். அங்கே உளி பிடித்த பேர்னாட் மட்டேமெரா, ஹென்றி முன்யரட்சி என்போரின் பெயர்களை இன்று உலகக் கலைக்கூடங்கள் அறியும்.

இதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயணிக்குக் காட்டுவது வேறு. பயணிக்காகவே செய்வது வேறு. பெட்டிக்குள் அடங்கும் அளவிலே, விரைந்து விற்கும் ஒரே அச்சிலே பொம்மைகள் பெருகினால், உளி மெல்ல மெல்ல மழுங்கிவிடும். அதனாற்றான் பயணி கடைக்கு வருமுன் பட்டறைக்கு வரவேண்டும் என்கிறேன். அரைமணி நேரம் அந்தச் சுருள்களுக்கிடையே நின்றவருக்கு விலையும் புரியும்; ஒரு வாகனம் முடிய ஏன் மாதங்கள் செல்கின்றன என்பதும் புரியும்.

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டிற்குப் பின் யாழ்ப்பாணத்திற்கு வருவோர் தொகை பெருகியிருக்கிறது. புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்குக் கோபுரத்தையும் கோட்டையையும் காட்டுகிறோம். ஒரு பட்டறையையும் காட்டுவோம். உபயகாரரின் கல்லுக்குப் பக்கத்திலே செய்தவரின் பெயருக்கும் ஒரு சாண் இடம் விடுவோம். பெரிய செலவொன்றுமில்லை.

அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும் பயணிகள் வந்தார்கள். இம்முறை நான் பேசவில்லை. தேர்முட்டியடியில் அந்த மாணவனை முன்னே விட்டேன். அவன் இங்கிலீசு தட்டுத் தடுமாறியது. யாளியின் வாய்க்குள்ளே உருளும் மரக்குண்டைக் காட்டி, அது வெளியிலிருந்து வைத்ததன்று, உள்ளேயே குடைந்தெடுத்தது என்று விளக்கினான். பிறகு தன் அப்பப்பாவின் பெயரைச் சொன்னான். ஒருவர் அதைக் கொப்பியிலே எழுதிக்கொண்டார்.

பெரியவர் சற்றுத் தள்ளி, நாற்காலியில் இருந்தார். அவருக்கு இங்கிலீசு விளங்காது. ஆனால் தம்முடைய பெயர் அவருக்கு விளங்கியது.