மாஸ்டரின் சான்றிதழைப் பார்த்தீர்களா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிகலா பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் பேசப்போவதும் ஒரு வகையில் டெக்னிகல்தான். காலையில் குரூப் போட்டோ எடுத்தபோது கவனித்தேன். பாதிப் பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்கள். 35 வயதைத் தாண்டினால் நம்மில் பலருக்கு ஒரு நாள் வருகிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வெயிட்டைக் குறைங்க, எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்கிறார். அன்று சாயங்காலமே பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போய் அட்வான்ஸ் கட்டிவிடுகிறோம். மாஸ்டரை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தோம்? அவர் புஜத்தை வைத்து!

நான் வேலை பார்ப்பது ஒரு பம்ப் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஒரு பிரஷர் கேஜ் வந்தால் டயல் பளபளவென்று இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. காலிபரேஷன் சான்றிதழ் எங்கே, கொடுத்த லேப் எது, அந்த லேபுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா, அந்த அங்கீகாரம் இந்த அளவைக்குப் பொருந்துமா, மறுபடி எப்போது சோதிக்க வேண்டும் என்று இத்தனையும் பார்த்துத்தான் லைனில் மாட்டுவோம். ஒரு கேஜுக்கு இவ்வளவு பார்க்கிறவன், தன் முதுகெலும்பையும் இதயத்தையும் ஒப்படைக்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லாதே, விஷயத்தைச் சொல் என்று அனுமதி கொடுத்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வருஷம் நாற்காலியை விட்டு எழாதவன். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் 200 பஸ்கி போட வைத்தார். முடியவில்லை என்றபோது, "வலிச்சாதான் சார் சதை ஏறும்" என்றார். மறுநாள் அவனால் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போயிற்று. போன் செய்து கேட்டால், "உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்று பதில். நல்ல வேளையாக அவன் மனைவி அதை நம்பவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர்கள் அதற்கு வைத்த பெயர் ராப்டோமயோலிசிஸ். பழக்கமில்லாத சதையை ஒரேயடியாக வேலை வாங்கினால் நார்கள் சிதைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ரத்தத்தில் சி.கே. என்ற என்சைமின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். சீக்கிரம் போனால் சலைன் ஏற்றிக் காப்பாற்றலாம். தாமதித்தால் டயாலிசிஸ் வரை போகக்கூடும். ஐந்து நாள் படுக்கையில் கிடந்து தப்பித்தான். அந்த மாஸ்டர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. 20 வயதில் தன் உடம்புக்கு என்ன ஒத்துக்கொண்டதோ அதையே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அந்த ஓர் உடம்புதான்.

டாக்டருக்குப் பதிவு எண் இருப்பது மாதிரி ஜிம் மாஸ்டருக்கு நம் நாட்டில் சட்டப்படி எதுவும் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். ஆனால் முறையாகப் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கப்பட்டது. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961-லிருந்து பயிற்சியாளர்களை உருவாக்குகிறது. யோகாவுக்கு ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கபடிக்குப் பயிற்சி கொடுக்கப் படித்தவருக்கு முட்டிவலிக்காரரைக் கையாளத் தெரியும் என்று சொல்ல முடியாது. கேஜ் விஷயத்தில் சொன்னேனே, எந்த அளவைக்கு அங்கீகாரம் என்று, அதுதான் இங்கேயும். இரண்டு நாள் ஓட்டல் வகுப்பில் கொடுத்த கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதங்களும் சுவரில் தொங்கும். கொடுத்தது யார், எத்தனை நாள் படிப்பு, தேர்வு இருந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். படித்தவர் கோபப்பட மாட்டார்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு இது சுலபம். அங்கே என்.சி.சி.ஏ. என்ற அமைப்பு (நம்ம காலேஜ் என்.சி.சி. இல்லை!) தேர்வு நடத்துகிறவர்களையே சோதித்து அங்கீகாரம் தருகிறது. ஏ.சி.இ. போன்ற சான்றிதழுக்கு சி.பி.ஆர். முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். அந்த ஒரு கேள்வியை இங்கேயும் கேட்கலாம்: "மாஸ்டர், யாராவது மயங்கி விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

காகிதத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்பது. கனடாவில் 1970-களில் பார்-கியூ என்று ஏழே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். இதய நோய் உண்டா, நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா, எலும்பு மூட்டுப் பிரச்சினை உண்டா, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று போகும். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லும். மாத்திரையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 220-லிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பு இலக்கு வைப்பார்கள். மெட்டோபிரலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவு ஏறாது. அது தெரியாத மாஸ்டர், "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று விரட்டுவார். இன்சுலின் போடுகிறவரோ கிளிமிபிரைடு சாப்பிடுகிறவரோ வெறும் வயிற்றில் கடுமையாகப் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மாத்திரையை நிறுத்துங்கள் என்று மாஸ்டர் சொன்னால் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அடுத்த நாள் போகாதீர்கள்.

உணவுப் பட்டியல் டயட்டீஷியன் வேலை. இந்திய டயட்டெடிக் சங்கம் தேர்வு வைத்து ஆர்.டி. என்ற பதிவு கொடுக்கிறது, அதைக் கேளுங்கள். பவுடர் டப்பா விற்கிற மாஸ்டரிடம் அந்த டப்பாவில் அவருக்கு என்ன கமிஷன் என்றும் கேளுங்கள். புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லித்தான் ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. தம்பிகளே, போனில் வருகிற "30 நாளில் சிக்ஸ் பேக்" ஆசாமி உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஏழு கேள்விகளையும் தமிழில் எழுதி 200 பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இருக்கிற மேஜையில் வைத்திருக்கிறது. சாப்பிடும் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கை எண்ணெயாகிவிடும்.