பெயரும் சுவையும்



பத்தாண்டு நிறைவு விழாவில் உணவகத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவையோரில் சிலர் எண்ணக்கூடும். நாவுக்கும் நூலுக்கும் ‘சுவை’ என்னும் ஒரே சொல்லைப் பொதுவாக வைத்த மொழி தமிழ். ஆதலின் ஒரு மக்களின் உணவு, புலம்பெயர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று என்னும் வினா, கவிஞர் அவைக்குப் புறம்பானதன்று.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகருக்குக் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு என்னும் புறநகர்ப் பகுதி உள்ளது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வாயிலைத் திறந்தபின், முதலில் தைவான், ஹாங்காங் ஆகிய இடங்களிலிருந்தும், பின்னர்ச் சீனப் பெருநிலத்தின் மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் இங்கே குடியேறினர். தென்சீனத்தின் ஹூனான் மாகாணத்து உணவை வழங்கும் எளிய கடைகளும் இங்கு உண்டு. கார்கள் நிற்கும் முற்றத்தை நோக்கிய கண்ணாடிக் கதவு, விரிப்பில்லாத மேசை, ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம், நடுவில் எல்லோர்க்கும் பொதுவான தட்டுகள். அவ்வளவே அதன் ஆடம்பரம்.

அத்தட்டுகளில் தலையாயது மீன்தலை. பெரிய கெண்டை இனத்து மீனின் தலையை இரண்டாகப் பிளந்து விரித்து, உப்பிட்டுப் புளிக்கவைத்த சிவப்பு மிளகாயை நறுக்கி அதன்மேல் போர்த்தி, ஆவியில் வேகவைப்பார்கள். மீன் தீர்ந்தபின் எஞ்சிய சாற்றில் நூடுல்ஸைப் புரட்டி உண்பார்கள். குளிர்காலத்தில் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சியும், பச்சை மிளகாயோடு வதக்கிய இறைச்சியும் உடன் வரும். சோற்றை உள்ளே இறக்குவது என்ற பொருளில் இத்தகைய கறிகளைச் சீனர் புகழ்வர். தொட்டுக்கொள்ள ஒன்றிருந்தால் சோறு தானே இறங்கும் என்னும் தமிழ் வீட்டுப் பேச்சை அது நினைவூட்டும்.

ஹூனானின் காரம், சிச்சுவான் மாகாணத்தின் காரத்தினின்று வேறானது. சிச்சுவான் சமையலில் நாவை மரக்கச் செய்யும் ஒருவகைச் சிறு மிளகும் மிளகாயோடு சேரும். ஹூனானில் மரப்புக்கு அவ்வளவு இடமில்லை. மிளகாயின் உறைப்பும் புளிப்பும் நேரே வந்து நிற்கும். இதுபற்றிச் சீனத்தில் ஒரு வழக்குண்டு: ஒரு மாகாணத்தார் காரத்துக்கு அஞ்சார், இன்னொரு மாகாணத்தார் எவ்வளவு காரமானாலும் அஞ்சார், ஹூனானியரோ காரமில்லாது போகுமோ என்றே அஞ்சுவர். சீன மொழியில் ‘இல்லை’, ‘அச்சம்’, ‘காரம்’ என்னும் மூன்றே சொற்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கி இது சொல்லப்படுகிறது. சொல்லின் வரிசை மாறினால் பொருள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குக் கவிஞர்கள் இதனினும் சிறிய சான்றைத் தேட வேண்டியதில்லை.

இவ்வளவு உரிமை கொண்டாடப்படும் மிளகாய் ஹூனான் மண்ணுக்குரியதா? அன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. சீன நூல்களில் அதன் முதற்குறிப்பு 1591இல் காவ் லியன் என்பவரின் நூலில் வருகிறது. அப்போது அது கண்ணுக்கு அழகான செடி மட்டுமே. அதன் காயைத் தேய்ந்த எழுதுகோல் தூரிகையின் முனைக்கு அவர் ஒப்பிட்டார். ஹூனானின் வட்டாரக் குறிப்பேடுகளில் அது 1684இல் இடம்பெறுகிறது. உப்பு அரிதாயிருந்த அண்டை மாகாணமான குயிச்சோவின் மலைமக்கள் உப்புக்கு ஈடாக மிளகாயைக் கொண்டனர் என்று 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் குறிப்பொன்று கூறுகிறது. அழகுச்செடியை அடுக்களைக்குக் கொண்டுவந்தது ஏழையின் தேவை.

பெயர் மாறிய முறையும் கருதத்தக்கது. சீனர் அதனை முதலில் அயல்மிளகு என்றனர். கடல்மிளகு என்றும் கூறினர். பின்னர்க் காரமிளகு என்ற பெயர் நிலைத்தது. போர்த்துக்கேயர் வழியே அதே செடியைப் பெற்ற தமிழரும் பழைய மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து ‘மிளகாய்’ என்றனர். சங்கப் புலவர் அறிந்த காரம் ‘கறி’ எனப்பட்ட மிளகே. பட்டினப்பாலை காட்டும் புகாரில் வந்து குவிந்தவை அதன் மூட்டைகளே. ஹூனானின் மீலுவோ ஆற்றில் உயிர்நீத்த பெருங்கவிஞர் சூ யுவானும் மிளகாயைச் சுவைத்தவரல்லர். ஒன்றையொன்று அறியாத இருமொழிகள், வந்த விருந்தாளிக்குத் தம் வீட்டுப் பெயரையே இட்டன.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. பெங் சாங்குவெய் என்னும் ஹூனான் சமையற்கலைஞர் 1949இல் தேசியவாத அரசோடு தைவானுக்குச் சென்றார். 1950களில் அங்கே ஒரு கோழிக்கறியை ஆக்கி, ஹூனானிற் பிறந்த 19ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ட்ஸோவின் பெயரை அதற்கு இட்டார். அது புளிப்பும் உப்பும் காரமும் மிக்கது, இனிப்பு இல்லாதது. 1973இல் அவர் நியூயார்க்கில் உணவகம் திறந்தார். அமெரிக்க நாவுக்கேற்பக் கறியில் சர்க்கரை சேர்ந்தது. அதன்பின் அந்நாடு முழுதும் அது பரவியது. 1990களில் பெங் ஹூனானின் தலைநகர் சாங்ஷாவுக்குத் திரும்பி அக்கறியை வழங்கியபோது, ஊரார் அதனைத் தித்திப்பு மிகுந்ததாகக் கண்டனர்; கடை நிலைக்கவில்லை. 2016இல் தம் 98ஆம் வயதில் அவர் தைவானில் காலமானார். உலகம் ஹூனான் உணவென்று அறிந்த கறி, ஹூனான் அறியாத கறியாயிற்று.

பெங்கைக் குறைகூறுவது முறையன்று. அயலூரில் பிழைக்க வந்தவர் அயலவர் நாவை மதித்தே ஆகவேண்டும். ஆயினும் இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். மிளகாய் பெயர் மாறியது, சுவை மாறவில்லை. கோழிக்கறி பெயர் மாறவில்லை, சுவை மாறியது. அயலிலிருந்து வந்தது என்பதால் ஒன்று பிறர்பொருள் ஆகிவிடுவதில்லை. சொந்தப் பெயரைத் தாங்கியிருப்பதால் மட்டும் ஒன்று சொந்தமாக நின்றுவிடுவதும் இல்லை.

இந்நிலையில் புறநகர்க் கடை மீன்தலையைக் காரம் குறையாமல் மேசைக்குக் கொண்டுவருவது சிறிய செயலன்று. அங்கே பிறந்த பிள்ளைக்கு ஹூனானின் ஆறும் மலையும் தெரியாது. பாட்டியின் பேச்சும் பாதிதான் விளங்கும். அப்பிள்ளை தன் முன்னோரை நேரே சந்திக்கும் இடம் அந்தத் தட்டு. ‘காரம் குறைக்கவா’ என்று புதியவரைக் கேட்பது விருந்தோம்பல். கேளாமலே எல்லோர்க்கும் குறைத்துவிடுவது இழப்பு. கடைசித் தட்டிலும் சர்க்கரை கலந்துவிட்டால், ஒப்பிட்டறிய ஒன்றுமின்றிப் பெயர் மட்டுமே எஞ்சும்.

கவிதை எழுதுவோரும் இதே மேசைமுன் நிற்பவரே. புதிய வடிவமும் புதிய சொல்லும் எங்கிருந்து வந்தாலும் வரட்டும். தேவையிருந்தால் மொழி அவற்றுக்கு வீட்டுப் பெயர் இடும். புதிய வாசகருக்காக எளிமையாக்குவதும் தகும். ஆனால் உறைப்புக் குறையாத ஒரு தட்டேனும் என்றும் மேசையில் இருத்தல் வேண்டும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் காக்க வேண்டியது அதுவே.