விலைக்குள் இருக்கும் வரி



கடையில் பொருள் வாங்கிப் பணம் கொடுத்ததும் கையில் ஒரு பில் வருகிறது. மொத்தத் தொகையை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைக் கட்டைப்பைக்குள் போட்டுவிடுகிறோம். அந்தப் பில்லின் அடிப்பகுதியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று சிறிய எழுத்தில் இரண்டு தொகைகள் இருக்கும். இன்றைக்கு அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விருதுநகர்ப் பக்கம் கடைகளுக்குக் கணக்குப் பார்த்து வரிப் படிவம் தாக்கல் செய்வது என் தொழில். பில்லோடு பழகிப் பழகி அதன்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

"எனக்கு ஏது சார் வரி கட்டுற அளவுக்கு வருமானம்?" என்று பலர் என்னிடம் சொல்வார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது வருமான வரி. ஆனால் குளியல் சோப்பு வாங்குகிற ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவரும் கட்டுகிறார், மில் முதலாளியும் கட்டுகிறார். கடைக்காரர் அதை உங்களிடம் வாங்கி அரசிடம் சேர்க்கிறார், அவ்வளவுதான். கொடுப்பது உங்கள் பணம். அது எவ்வளவு என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். வகுக்கவும் பெருக்கவும் தெரிந்தால் போதும்.

இந்த வரி நமக்குப் புதிதும் அல்ல. எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம்தான். ஆண்டு 1939, ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்த காலம். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட அந்த வரி வந்தது. பிறகு 1959இல் தனிச் சட்டம், 2007 ஜனவரியில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி எனும் சரக்கு, சேவை வரி. எங்கள் பஜாரில் வயதான கடைக்காரர்கள் இன்னமும் "சேல்ஸ் டாக்ஸ்" என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாறினாலும் வாங்குகிறவர் கொடுக்கிறார் என்பது மாறவில்லை.

இப்போது விகிதத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் பழைய 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. காய்கறி, பால், சில்லறையாக அளந்து வாங்கும் அரிசி, பள்ளிக்கூட நோட்டு, பென்சில் இவற்றுக்கு வரி இல்லை. பற்பசை, குளியல் சோப்பு, ஷாம்பு, நெய், பிஸ்கட், மிக்சர், முறுக்கு இவற்றுக்கு 5 சதவீதம். மிக்சி, டிவி, ஃபிரிட்ஜ், கைபேசி, சிமென்ட், துணி துவைக்கும் டிடர்ஜென்ட் தூள் இவற்றுக்கு 18. கலர் போன்ற, இனிப்புச் சேர்த்த காற்றடைத்த குளிர்பானங்களுக்கு 40. தங்கத்துக்கு மட்டும் தனியாக 3. அன்றாட வாழ்க்கைக்கு இந்த எண்களே போதும்.

விலை சொல்வதில் இரண்டு முறை உண்டு. வரியை மேலே சேர்ப்பது ஒன்று, வரியை உள்ளேயே அடக்கிச் சொல்வது இன்னொன்று.

மேலே சேர்ப்பது எளிது. மிக்சியின் விலை 3,500 ரூபாய், வரி தனி என்கிறார் கடைக்காரர். 18 சதவீதம் 630 ரூபாய். மொத்தம் 4,130. பில்லில் இந்த 630, சிஜிஎஸ்டியாக மத்திய அரசுக்கு 315, எஸ்ஜிஎஸ்டியாக மாநில அரசுக்கு 315 என்று பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும். இணையத்தில் வேறு மாநிலத்து விற்பனையாளரிடம் வாங்கினால் ஐஜிஎஸ்டி என்று ஒரே தொகையாக வரும். மொத்த வரி ஒன்றுதான், பயம் வேண்டாம்.

இதில் தள்ளுபடி வந்தால் கவனியுங்கள். பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் முன்னே கழித்தாலும் பின்னே கழித்தாலும் 3,717 ரூபாய்தான் வரும். வீட்டில் போட்டுப் பாருங்கள். ஆனால் "500 ரூபாய் தள்ளுபடி" என்று ரொக்கமாகச் சொன்னால் வித்தியாசம் உண்டு. வரி போடுவதற்கு முன்பு கழித்தால் 3,000 ரூபாய்க்கு வரி சேர்த்து 3,540. வரி போட்டபிறகு கழித்தால் 3,630. தொண்ணூறு ரூபாய் கூடுதல். பில்லிலேயே காட்டுகிற தள்ளுபடியைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி என்பது சட்டம். ஆகவே வரி தனி என்று சொல்லும் கடையில் தள்ளுபடியை முதலில் கழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பெட்டிமேல், பொட்டலத்தின்மேல் எம்ஆர்பி என்று அச்சிட்டிருக்கிறதே, அது எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை. அதற்குமேல் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடக் கடையில் கேட்கக் கூடாது. கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். சரி, உள்ளே அடங்கிய வரியை வெளியே எடுப்பது எப்படி?

படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. ஒரு கைபேசி, வரி உட்பட 11,800 ரூபாய். வரி எவ்வளவு என்று கேட்டால் உடனே 11,800க்கு 18 சதவீதம் போட்டு 2,124 என்பார்கள். அது தவறு. வரி போட்டது வரிக்கு முந்தைய கைபேசி விலைமீது. வரியும் சேர்ந்த மொத்தத்தின்மீது அல்ல. நூறு ரூபாய்ப் பொருள் வரியோடு 118 ஆகிறது. ஆகவே 11,800ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். வரி 1,800. பொருளின் விலை சரியாகப் பத்தாயிரம்.

ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். முறுக்கு, அதிரசம் போட்டுப் பொட்டலம் கட்டி விற்கிற பெண்கள். கரும்பலகையில் 105ஆல் வகு, 5ஆல் பெருக்கு என்று எழுதினேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "சார், நூத்தஞ்சுல அஞ்சு இருபத்தோரு தடவைதான போகுது? அப்ப நேரா இருபத்தொண்ணால வகுத்துட்டாப் போச்சே" என்றார். வகுப்பே கைதட்டியது. அன்றிலிருந்து நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நெய்ப் பாட்டில் 210 ரூபாயா? இருபத்தொன்றால் வகுத்தால் வரி 10 ரூபாய். ஷாம்பு 84 ரூபாயா? வரி 4 ரூபாய்.

அதே வழியில் போனால் குளிர்பானம் இன்னும் சுலபம். நூறுக்கு நாற்பது வரி என்றால் 140இல் 40, அதாவது ஏழு பங்கில் இரண்டு. 35 ரூபாய் பாட்டிலில் 10 ரூபாய் வரி. அதைக் குடிக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுங்கள். பதினெட்டு இப்படி நேராக வகுபடாது. அதற்கு நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு: வரி சேர்ந்த விலையில் நூற்றுக்குப் பதினைந்தே கால் வரி. ஐந்து சதவீதப் பொருளுக்கு நூற்றுக்கு நாலே முக்கால். பைசா சுத்தமாக வராது. ஆனால் கடையில் நின்றபடி மனக்கணக்குப் போட இதைவிட வசதி கிடையாது. நம் தாத்தாக்கள் காலும் அரையும் முக்காலும் வைத்துத்தான் வியாபாரம் செய்தார்கள். வரிக் கணக்குக்கும் அது பொருந்திவருவதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குழப்பம் வரும் இன்னொரு இடம், ஜவுளிக்கடை. அங்கே கணக்குப் பார்ப்பதென்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்கு முகூர்த்தத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பட்டுச்சேலை 18,000 ரூபாய், அதற்கு வரி 5 சதவீதம், 900 ரூபாய். மகளுக்கு எடுத்த ரெடிமேட் சுடிதார் 3,000 ரூபாய், அதற்கு வரி 18 சதவீதம், 540 ரூபாய். பெண்ணின் அப்பா கல்லாவில் நின்று, "அண்ணாச்சி, விலை கூடுனதுக்குக் கம்மி வரி, விலை குறைஞ்சதுக்குக் கூட வரியா? மாத்திப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. பில்லும் சரியாகத்தான் இருந்தது. சேலை தைக்காத துணி. துணிக்கு எத்தனை விலையானாலும் 5 சதவீதம். சுடிதார் தைத்த ஆடை. தைத்த ஆடைக்கு ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்குமேல் போனால் 18. விளக்கிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. கேட்காமல் போயிருந்தால் கடைக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்.

இந்த 2,500 என்கிற எல்லையைக் கொஞ்சம் கவனியுங்கள். வரிக்கு முன்பு 2,500 ரூபாய்ச் சட்டை, வரியோடு 2,625. அதே சட்டை 2,510 ஆனால் வரியோடு 2,961 ரூபாய் 80 காசு. விலை பத்து ரூபாய் கூடியதற்கு நாம் கொடுப்பது 336 ரூபாய் 80 காசு அதிகம்! ஆடித் தள்ளுபடியில் இது நமக்குச் சாதகமாகத் திரும்பும். 2,800 ரூபாய்ச் சட்டைக்கு 15 சதவீதம் கழித்தால் 2,380. எல்லைக்குக் கீழே வந்துவிட்டதால் வரியும் 5 சதவீதமாக இறங்கி, மொத்தம் 2,499 ரூபாய். தள்ளுபடி இல்லாவிட்டால் 3,304.

ஒரு கடையில் கணினியில் அப்படிப்பட்ட ஒரு சட்டைக்கு 18 என்று பதிந்து வைத்திருந்தார்கள். தள்ளுபடி போட்ட பிறகும் 18 சதவீதமே விழுந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் கணக்கர் இல்லை, ஒரு வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பில்லை நீட்டி, "இது 2,500க்கு உள்ளதானே தம்பி வருது?" என்றார். கடையில் உடனே பில்லை மாற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதலாக வசூலித்த வரியைக் கடைக்காரர் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் முடியாது, அரசிடம் கட்டியாக வேண்டும். ஆக அவருக்கும் லாபம் இல்லை, நமக்கு நஷ்டம். அந்த டீச்சர் கேட்ட ஒரு கேள்வியால் அதற்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும் சரியான பில் போனது.

அரிசி மூட்டையைப் பற்றியும் கேட்பீர்கள். 25 கிலோ வரை லேபிளோடு முன்கூட்டியே பொதிந்த அரிசிக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீதம் வரி. அதற்குமேல் எடையுள்ள பைக்கு இல்லை. கடையில் 26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். இதைப்போல வரிக்காகவே, தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் சின்னப் பாட்டிலும் சமையல் எண்ணெயாகலாம் என்று தீர்ப்பு வந்தது. அதை விரிக்க இன்னொரு நாள் வேண்டும்.

நேரம் நெருங்குவதால் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண உணவகத்தில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். 640 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 32 ரூபாய் வரி. சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டால் அது வரி அல்ல, கட்டாயமும் அல்ல. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடையும், காம்போசிஷன் எனப்படும் தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கிற கடையும் உங்களிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. பதிவு பெற்ற கடை என்றால் பில்லில் 15 இலக்க எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடைக்கு அது 33 என்று தொடங்கும். அந்த எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள்.

"பில் வேணுமா? பில் போட்டா வரி சேரும்" என்று கேட்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே "வேணும்" என்று சொல்லுங்கள். பில் இல்லாத மிக்சி பழுதானால் வாரண்டி கேட்க முடியாது. நீங்கள் கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் இருக்காது. பொருளுக்கு எந்த விகிதம், வரி மேலேயா உள்ளேயா, தள்ளுபடியைக் கழித்தார்களா, கடையின் எண் இருக்கிறதா, இந்த நான்கையும் பார்த்துவிட்டால் பில்லைப் படிக்கத் தெரிந்தவராகிவிட்டீர்கள். பள்ளிப் புத்தகத்தில் வாழ்வியல் கணிதம் என்று ஒரு பாடம் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த மாத மளிகை பில்லை அவர்கள் கையில் கொடுத்து, இதில் நம் வீடு எவ்வளவு வரி கட்டியிருக்கிறது என்று கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தொகையைத் தெரிந்து வளரும் பிள்ளை, ரோடு ஏன் குண்டும் குழியுமாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஏன் மருந்து இல்லை என்று நாளைக்கு உரிமையோடு கேட்கும். அப்படிக் கேட்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.