பிள்ளைகள் செய்யும் கூத்துப் பொம்மை



"படிக்காம என்னடா குப்பையைச் சேர்க்கிறே?"ன்னு நம்ம லயங்களில் பிள்ளைகளுக்கு ஏச்சு விழுகிறது. அந்தக் குப்பையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். கம்பியை முறுக்கினால் எலும்பு. பழைய பேப்பரும் கோதுமை மாப் பசையும் சதை. கிழிஞ்ச சேலைத்துண்டு உடுப்பு. மூட்டில் பேப்பர் சுற்றாமல் விட்டால் கைகால் மடங்கும். மாசியில் காமன் கூத்தில் பார்த்த மதனும் ரதியும் வீரபத்திரனும் லயத்து வாசலில் ஆடுவார்கள்.

ரதிக்கு என்ன உடுப்புன்னு பிள்ளை கேட்டால் தாத்தா கதை சொல்வார், கூத்தும் அழியாது. சாதாரண தரப் பரீட்சையில் சித்திரமும் ஒரு பாடம்தானே!

ஒன்றை மட்டும் கண்டிப்போம். புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலும் டின்னும் வேண்டவே வேண்டாம். கழுவினாலும் நஞ்சு முழுசாகப் போகாது. மற்றதைப் பிள்ளை கையில் கொடுப்போம்.