உழவுக்கு முன் ஒரு படம்



பங்குனி முடிந்து சித்திரை பிறக்கப் போகிறது. கோடை மழை ஒன்று விழுந்ததும் கோடை உழவு போட்டுவிடுங்கள் என்று நாங்கள் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். அந்த உழவுக்கு முன்னால் இன்னொரு சின்ன வேலையும் உண்டு. காலையில் கைபேசியை எடுத்துக்கொண்டு வயலை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கண்ணில் படும் பறவைகளைப் படம் பிடியுங்கள். "என்ன சார், குருவியைப் போட்டோ எடுத்தா வெள்ளாமை வந்துடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு கிராமத்தில் கோடை உழவைப் பார்க்கப் போயிருந்தேன். டிராக்டருக்கு மேலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டே சுற்றின. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். உழவு முடிந்து சாலில் நடந்தபோது உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. "தெரிஞ்சிருந்தா ஒதுக்கி ஓட்டியிருப்பேனே ஐயா" என்றார் டிராக்டர் ஓட்டிய தம்பி. சாயங்காலம் நான் கிளம்பும்வரை அந்த ஜோடி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் சின்னப் பள்ளம் பறித்து, சிறு கற்களையும் ஆட்டுப் புழுக்கையையும் பரப்பி, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். வண்டு, எறும்பு, புழு, நத்தை இவைதான் அதன் இரை. கூலி கேட்காத வேலையாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். பொழுது விடிந்த முதல் இரண்டு மணி நேரம் நல்லது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வரப்பின்மேல் மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று பாருங்கள். பறவையை நோக்கி நேராகப் போகாதீர்கள். பறவை உங்கள் தலைக்கு மேல் பாய்ந்து கத்தினாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து நடித்தாலோ, கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நின்று, தூரத்திலிருந்தே ஒரு படம் எடுங்கள். ஒரு பனைமரமோ வரப்பு முனையோ படத்தில் சேர்ந்து விழட்டும். இடத்தை அடையாளம் காண அது உதவும். எடுத்ததும் திரும்பிவிடுங்கள்.

கிட்டே போய் அழகான படம் எடுக்க ஆசை வரத்தான் செய்யும். வேண்டாம். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய் முட்டையை விட்டு விலகி நிற்கும். வெயிலில் முட்டை கெட்டுவிடும். காக்கையும் நாயும் உங்களைப் பார்த்தே இடத்தைத் தெரிந்துகொள்ளும். முட்டையைக் கையால் தொட்டு இடம் மாற்றவும் கூடாது. முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உழவு அன்று டிராக்டர் ஓட்டுபவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். கூட்டைச் சுற்றி ஒரு சிறு திட்டை உழாமல் விடச் சொல்லுங்கள். குஞ்சு பொரித்தால் ஒன்றிரண்டு நாளில் தாயோடு நடந்து போய்விடும். அப்புறம் அந்தத் திட்டையும் உழுதுகொள்ளலாம்.

இப்படி நாலு வாரம் சுற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. வெட்டுக்கிளி பிடிக்கும் கரிச்சானும் பனங்காடையும், உழவுச் சாலில் புழு பொறுக்கும் மைனாவும் உண்ணிக்கொக்கும் உங்கள் கைபேசியில் வரிசையாக வந்து நிற்கும். யார் நம் வயலுக்கு நண்பன் என்பது நீங்களே பார்த்துத் தெரிந்துகொண்டதாக இருக்கும். பயறு விதைத்த பிறகு ஏக்கருக்கு 20 பறவைக் குச்சிகளை நடச் சொன்னால், அது எதற்கு என்று அப்போது நீங்கள் கேட்க மாட்டீர்கள். மருந்து தெளிக்கப் போகும்முன் அந்தப் படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, மருந்து அவசியம்தானா என்று யோசியுங்கள்.

நாளைக் காலையிலேயே ஒரு சுற்று போய் வாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். படம் எடுக்க அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள், பறவையின் பெயரை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.