இதை ஏன் வரைய வேண்டும்?



டெல்லி மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் ஒரு சமூகக் கூடம் உண்டு. கோடை விடுமுறை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பிள்ளைகளுக்கு அங்கே படம் போடுவோம். வெளியே 43 டிகிரி வெயில். உள்ளே கூலர் இரைச்சல், சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டர். பாதிப் பிள்ளைகள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வாயைத் திறந்தால் தமிழும் இந்தியும் கலந்துதான் வரும். நான் திரைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வேன். படம் எந்த இடத்தில் அவர்களைப் பிடித்தது, எந்த இடத்தில் விட்டது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிறு ரஜினியின் அனிமேஷன் படமான 'கோச்சடையான்' போட்டோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த ஏழு வயதுப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து காதில் கேட்டாள்: "ரஜினிதான் இருக்காரே தாத்தா, அப்புறம் எதுக்கு அவரை வரைஞ்சாங்க?"

கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்களைப் பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை எங்கும் பார்த்ததில்லை. இதை ஏன் வரைய வேண்டும், கேமராவை வைத்து எடுத்தால் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் படம், கொஞ்சம் கோணலாக இருந்தாலும் நின்றுவிடுகிறது. பதில் இல்லாத படத்தை எத்தனை கோடி கொட்டினாலும் நிமிர்த்த முடிவதில்லை.

1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த முதல் முழுநீளப் படம் அது. அன்றைய கம்ப்யூட்டருக்கு முடி வராது, துணியின் மடிப்பு வராது, மனிதத் தோல் சுத்தமாக வராது. எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரிதான் வந்து நிற்கும். ஜான் லாசெட்டரும் அவருடைய பிக்ஸார் கூட்டமும் அதோடு மல்லுக்கட்டவில்லை. பிளாஸ்டிக்தான் வரும் என்றால் பிளாஸ்டிக் பொம்மைகளின் கதையையே சொல்வோம் என்று இறங்கினார்கள். ஆள் இல்லாத அறையில் பொம்மைகள் என்ன பேசிக்கொள்ளும் என்பதை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. வரைந்துதான் ஆக வேண்டும்.

ஆறு வருஷம் கழித்து, 2001-இல், 'ஃபைனல் ஃபேன்டஸி' வந்தது. அசல் மனிதர்களைப் போலவே இருக்கும் கம்ப்யூட்டர் மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த படம். கதாநாயகிக்குச் சுமார் 60,000 தலைமுடி. ஒவ்வொன்றும் தனியாக அசையும். அத்தனை முடியும் அசைந்தது, ஆனால் அவள் கண்ணுக்குள்ளே யாரும் இல்லை. படம் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1970-லேயே இதைச் சொல்லியிருந்தார். மனிதச் சாயல் கூடக் கூட ஒரு பொம்மை மேல் நமக்குப் பிரியம் கூடிக்கொண்டே போகும். ஏறக்குறைய மனிதனேதான் என்று ஆகிற இடத்தில் சட்டென்று ஒரு கிலி பிடித்துக்கொள்ளும் என்றார். மரப்பாச்சியை மடியில் போட்டுத் தூங்கவைக்கிற நம் குழந்தை, கடைவாசலில் நிற்கும் மெழுகு முகத்தைக் கண்டால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது அல்லவா, அதுதான்.

கோச்சடையானுக்கு வருகிறேன். 2014 மே மாதம் வெளியானது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய முதல் படம், கே.எஸ். ரவிக்குமாரின் கதை, ஏ.ஆர். ரகுமானின் இசை. நடிகர்கள் உடம்பெல்லாம் குறிகள் பதித்த உடையைப் போட்டுக்கொண்டு நடிக்க, அந்த அசைவைக் கம்ப்யூட்டர் வாங்கி, வரைந்த உருவத்துக்குக் கொடுக்கும். மோஷன் கேப்ச்சர் என்று சொல்வது இதைத்தான். இந்தியாவில் அந்த அளவில் யாரும் தொடாத வேலையைத் தொட்ட துணிச்சலை நான் மதிக்கிறேன். படத்தின் இசையை இன்றும் வீட்டில் கேட்கிறேன்.

ஆனால் ரஜினி என்கிற நடிகரிடம் நாம் எதைப் பார்க்கிறோம்? தலையைக் கோதுகிற கையின் வேகம், உதட்டோரத்தில் மின்னிவிட்டுப் போகிற சிரிப்பு, நடக்கும்போது தோள் கொடுக்கிற வெட்டு. எல்லாமே கால் விநாடிச் சமாசாரம். நாற்பது வருஷமாக ஒரு தமிழ்நாடே அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் அந்தக் கால் விநாடியைத் தவறவிட்டது. பெரிய அசைவுகள் வந்தன. சின்ன அசைவுகள் வரவில்லை. குரல் அவருடையது, முகம் வேறு யாருடையதோ என்றுதான் பட்டது. அறிமுகமில்லாத ஒரு முகமாக இருந்திருந்தால் பாதிக் குறை கண்ணிலேயே பட்டிருக்காது.

அதே படத்தில் நகைச்சுவை நடிகர் நாகேஷ் வருகிறார். 2009-இல் காலமானவரைத் திரும்ப வரைந்து கொண்டுவந்தார்கள். அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது, ஆனால் அதற்குக் காரணம் காட்சி இல்லை, நாகேஷின் நினைவு. எலும்பே இல்லாதவர் மாதிரி மடங்கி நிமிரும் அந்த உடம்பு, அனிமேஷன் கற்கிறவர்கள் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்துப் படிக்க வேண்டிய உடம்பு. அந்த அசைவு அவரோடு போய்விட்டது. வேறொருவரின் அசைவை அவர் முகத்துக்குக் கீழே பொருத்தினால் நாகேஷ் எப்படி வருவார்?

சென்னைக்கு இந்த வேலை புதிதும் அல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே பென்டாமீடியா கிராஃபிக்ஸ் என்ற சென்னை நிறுவனம் பாண்டவர் கதையை 3டி அனிமேஷனில் முழுநீளப் படமாக எடுத்தது. மோஷன் கேப்ச்சரிலேயே முழுப் படமாகச் செய்த 'சிந்துபாத்'திலும் அதன் கை இருந்தது. ஹாலிவுட்டில் அதே முறையில் செய்த 'போலார் எக்ஸ்பிரஸ்' வருவதற்கு நான்கு வருஷம் முன்னால். தமிழில் 2007-இல் 'இனிமே நாங்கதான்' என்று ஒரு 3டி படம் இளையராஜா இசையில் வந்துபோனது. கையும் இருந்தது, கருவியும் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கோச்சடையானில் இல்லாமல் போனது அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில்தான்.

2014 நவம்பரில், கோச்சடையான் வந்த ஆறே மாதத்தில், ஹாரி பவேஜா இயக்கிய 'சார் சாஹிப்ஸாதே' வெளியானது. குரு கோவிந்த் சிங்கின் நான்கு பிள்ளைகளின் கதை. மூத்தவர்கள் இருவர் சம்கௌர் போரில் மடிகிறார்கள். சின்னவர்கள் இருவரையும் சிர்ஹிந்தில் உயிரோடு சுவர் வைத்து மூடுகிறார்கள். சாதாரண அனிமேஷன்தான். நடை மிதக்கிறது, முகம் உறைந்திருக்கிறது. தொழில் தெரிந்தவர் பக்கத்துக்குப் பக்கம் குறை எழுதலாம். யமுனைக்கு இந்தப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் பார்த்தேன். குடும்பம் குடும்பமாக சீக்கியர்கள், பாதிப் பேர் பாட்டி தாத்தாக்கள். சுவர் உயர உயர, எனக்கு முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் தோள் குலுங்க அழுதார். இடைவேளைக்குப் பிறகு அந்த அரங்கில் பாப்கார்ன் சத்தம்கூட இல்லை.

குருமார்களையும் அவர்கள் குடும்பத்தையும் ஒரு நடிகர் வேஷம் கட்டி நடிப்பதை சீக்கிய மரபு ஏற்பதில்லை. ஆகவே அந்தக் கதைக்கு வரைவதைத் தவிர வேறு வழியே கிடையாது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இந்தப் படம் முதல் காட்சியிலேயே பதில் சொல்லிவிடுகிறது. பதில் கிடைத்த பிறகு யாரும் நடை மிதப்பதைப் பார்க்கவில்லை.

2025 ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா'வின் கதையும் இதேதான் என்று நினைக்கிறேன். அஸ்வின் குமார் இயக்கியது. 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்று செய்தி வந்தது. பிரகலாதனின் முகத்தில் எனக்கு நிறைவில்லை. பல இடங்களில் மெழுகுதான். ஆனால் தூண் பிளக்கிற நேரத்தில் கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடித்ததை நான் பார்த்தேன். தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா நாடகம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மராக வருகிறவர் விரதம் இருந்து, பூஜையில் வைத்திருந்த முகமூடியை அணிந்துகொள்கிறார். ஆவேசம் வந்து பாயும்போது நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வெறும் மனித முகம் அங்கே போதாது என்று அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2019-இல் 'லயன் கிங்'கை அசல் சிங்கம் போலவே செய்தார்கள். பிடரி மயிர் காற்றில் அசைவது வரைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா செத்துக் கிடக்கும்போது குட்டியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; அசல் சிங்கத்துக்கு முகத்தில் அழத் தெரியாதே! 1994-இல் வந்த முதல் படத்தில் கையால் வரைந்த குட்டி சிம்பாவுக்கு அது தெரியும். தமிழில் எங்கள் பிள்ளைகளைப் பிடித்து வைத்தது டிமோனுக்கும் பும்பாவுக்கும் குரல் கொடுத்த சிங்கம்புலியும் ரோபோ சங்கரும்தான். அவர்கள் வாயைத் திறந்தாலே கூடம் அதிர்ந்தது. முகம் கைவிட்ட இடத்தில் குரல் தாங்கியது. வானொலியில் பேசுகிறவனுக்கு இதைச் சொல்வதில் தனிச் சந்தோஷம்.

நிகில் அத்வானியின் 'டெல்லி சஃபாரி' எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. காட்டை அழிக்காதே என்று கேட்க மும்பையிலிருந்து ஒரு சிறுத்தைக் குட்டி நாடாளுமன்றம் வரை வருகிறது. நம்ம ஊருக்குத்தான் வருது என்று கைதட்டினார்கள். ஆனால் பேச்சு அதிகம். குட்டி ஒரு நிமிஷம் சும்மா நின்று பார்த்தால் போதும் என்கிற இடத்திலும் யாராவது பேசிவிடுகிறார்கள். லாட்வியாவிலிருந்து வந்து, 2025-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ'வில் ஒரு சொல்கூடக் கிடையாது. வெள்ளத்தில் ஒரு பூனை, அவ்வளவுதான். அதைச் செய்த பிளெண்டர் என்ற மென்பொருள் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியது. இங்கிருந்து மெட்ரோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் நொய்டா. அங்கே அனிமேஷன் படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருள் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்ப வரையச் சொல்லிக் கேட்பது புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில்களின் மண்குதிரைகளைத்தான். வரிசை வரிசையாக, சுட்ட மண்ணில், காது உடைந்தும் கால் உடைந்தும் மழையில் பாசி பிடித்தும் நிற்கின்றன. ராத்திரியில் அய்யனார் அவற்றின் மேல் ஏறி ஊர்க்காவல் போகிறார் என்று என் பாட்டி சொல்லுவார். குளம்புச் சத்தம் கேட்டதாகவும் சொல்லுவார். அந்தக் குதிரைகளுக்கு முடி வேண்டாம், தோல் வேண்டாம், வசனமும் வேண்டாம். மண் மட்டும் சரியாக வந்தால் போதும்.

சென்ற ஞாயிறு, அன்று என் காதில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. காது உடைந்த குதிரைக்கு அய்யனார் கூப்பிடுவது எப்படிக் கேட்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.